எலுமிச்சம்பழம் என்ன விலை? கோயிலில் உங்களுக்குத் தோன்றிய முதல் கேள்வி

தேரிக்காட்டான்:

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவன், தூத்துக்குடி மாவட்டம். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தைத்தான். ஊர் பேர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "இது ஏன் இப்படி?" என்று கோயிலில் உங்களுக்கு முதன்முதலாகத் தோன்றியது எப்போது? நான் ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லி அதில் கொஞ்சம் கோயிலுக்குக் கொடுக்கும் நாள். ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம். சேவல், வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் மேசையில் குவிந்திருக்கும். எங்கள் ஆச்சி ஓலைப்பெட்டி ஒன்றில் பனங்கிழங்கும் எட்டு முட்டையும் கொண்டுபோயிருந்தாள். பெட்டி அவளே முடைந்தது. மூடியில் சிவப்புச் சாயம் போட்ட ஓலையில் ஒரு சிலுவை வைத்திருப்பாள். மைக்காரர் "பெட்டியோட நாப்பது ரூவா, ஒரு தரம்" என்றார், முடிந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை.

அடுத்தது ஒரு எலுமிச்சம்பழம். பம்பாயில் கடை வைத்திருந்த ஒருத்தருக்கும் சென்னையில் கடை வைத்திருந்த ஒருத்தருக்கும் நடுவில் அது ஏறிக்கொண்டே போனது. அவர்களுக்குள் ஏதோ வாய்க்கால் தகராறு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். 1,500 ரூபாயில் நின்றது. கைதட்டல். பேர், அப்பா பேர், கடை பேர் மூன்றும் மைக்கில் வந்தது.

ஆச்சிக்கு எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கவலையே இல்லை. "ஏல, பெட்டிய யாருல எடுத்தா? கெழங்கத் தட்டிட்டுப் பெட்டியத் திருப்பித் தருவாங்கன்னுல்லா நெனச்சேன்" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தாள்.

ஓய்வுநாள் பள்ளி வாத்தியாரிடம் கேட்டேன்: "சார், ஆச்சி குடுத்தது காணிக்கையா, அந்த மாமா குடுத்தது காணிக்கையா?" "அந்த ஏலப் பணத்துலதாம்ல கோயில் மதில் நிக்கி" என்றார். கேள்விக்குப் பதில் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

பெரியவனான பிறகு தேடிப் பார்த்தேன். முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லி பைபிளில் உபாகமம் 26-இல் இருக்கிறது. லேவியனும் (ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தான்) அந்நியனும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. ஏலம் மட்டும் இல்லை. ஆங்கிலேயர் கோயில்களில் இந்தப் பண்டிகை இன்றைய வடிவத்தில் பரவியதே 1843-க்குப் பிறகுதான். கார்ன்வால் கடற்கரையில் மார்வென்ஸ்டோ என்ற சின்ன ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் அந்த வருஷம் ஒரு நன்றி ஆராதனை வைத்தார், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரிலோ ஆதாம் காலத்திலிருந்து நடப்பது மாதிரி பேசுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா கமிட்டியில் இருந்தபோது வரவு செலவுப் புத்தகத்தைப் பார்த்தேன். "ஏல பாக்கி" என்று ஒரு பக்கம் இருந்தது. எலுமிச்சம்பழம் அதில்தான் இருந்தது. 1,500 வரவே இல்லை. நாற்பது ரூபாய் அன்றைக்கே வந்துவிட்டது.

மின்விசிறி:

எங்க கோயில்ல ஒவ்வொரு ஃபேன் றெக்கையிலயும் "அன்பளிப்பு" போட்டு குடும்பப் பேர் இருக்கும். ட்யூப்லைட் பட்டியிலயும் உண்டு. ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் மத்தேயு 6: வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாது. ஃபேன் ஓடும்போது பேரைப் படிக்க முடியாது. ஐயர் (எங்க பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) அந்த வசனத்தை வாசிச்சாரு, கரண்ட் போச்சு. எல்லாரும் மேல பார்த்தோம்.

கணக்கு எழுதினவன்:

தம்பி, நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். பதினோரு வருஷம் ஒரு கிராமச் சபையில் பொருளாளர். உபதேசியார் (ஊரில் ஆராதனை நடத்தும் ஊழியர்) சம்பளம், திருமண்டலத்துக்கு, அதாவது பேராயரின் நிர்வாகத்துக்குக் கட்ட வேண்டியது, கரண்ட் பில், மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, எல்லாம் சங்கக் காணிக்கையிலிருந்தும் (சபையார் கட்டும் சந்தா) ஏலத்திலிருந்தும்தான். வெளிநாட்டுப் பணம் எங்களுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற பையன் ஆறு வருஷம் சங்கம் கட்டாமல் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும் என்று வந்து நிற்பான். நிலுவையைக் கேட்டால் கோபம். கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் தப்பு செய்தேன். ஒரு மரணம். மணி அடிக்கவும் கல்லறையில் இடம் கேட்கவும் மகன் வந்தான், இருபது வயசு இருக்கும். வழக்கப்படி நோட்டைப் புரட்டினேன். நாலு வருஷம் நிலுவை, 840 ரூபாய். "கட்டிட்டு வாப்பா" என்று சொல்லவில்லை. நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அவன் பேசாமல் போய்விட்டான். அரை மணி நேரத்தில் அவன் அம்மாவே வந்தாள், பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு. "நாலு வருசமா அவரு கோயிலுக்கு வரலியே, ஏன் வரலன்னு கேக்க ஒருத்தராவது வந்தீயளா? நோட்டுல அது எழுதிருக்கா?" என்று கேட்டாள்.

மனுஷன் நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

மலைச்சாரல்:

நான் கத்தோலிக்கப் பெண், திண்டுக்கல் பக்கம். எங்கள் வீட்டில் கேள்வி கேட்டது பாட்டி.

எழுபதுகளில் என் சித்தப்பா தற்கொலை செய்துகொண்டார். மணி அடிக்கவில்லை, சாமியார் வரவில்லை, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே அடக்கம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மட்டும் இருட்டின பிறகு வந்து ஒரு செபம் சொல்லிவிட்டுப் போனாராம். 1917-இல் வந்த திருச்சபைச் சட்டம் அப்படி. நினைவோடு உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது.

பாட்டி ஒவ்வொரு நவம்பர் 2-ஆம் தேதியும் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு கட்டு மெழுகுவர்த்தி வாங்குவாள். உள்ளே தாத்தாவுக்கு ஒரு கட்டு. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலைச் சுற்றி முள்ளுக்குள் நடப்பாள். நான் பின்னாலேயே போவேன். எனக்கு விவரம் தெரிந்து, தொண்ணூறுகளின் நடுவில், புதிதாக வந்த பங்குத்தந்தை கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். பாட்டி வழியில் நின்று, "சாமி, வெளிய ஒருத்தன் கெடக்கான். அந்தத் தண்ணி அங்குட்டுத் தெறிக்காதா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "1983-லயே புதுச் சட்டம் வந்து அந்தத் தடையை எடுத்தாச்சும்மா. யாரும் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பாட்டி முள்ளுக்குள் சும்மா நடந்திருக்கிறாள்.

அங்கியோடு அவரும் மதிலைச் சுற்றி வந்தார். அங்கி முள்ளில் மாட்டிக்கொண்டது, நான்தான் எடுத்துவிட்டேன். அந்தச் சாமியாரைப் பற்றி எனக்கு வேறு குறைகள் உண்டு, பிரசங்கம் முக்கால் மணி நேரம் இழுப்பார். ஆனால் சட்டம் மாறியதைப் படித்தவர்கள் எத்தனை பேர் எங்கள் பங்கில் இருந்துபோயிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

தேரிக்காட்டான்:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனை வைத்துவிட்டேன்.

ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்த 840 ரூபாயை அவர்கள் கட்டினார்களா?

கணக்கு எழுதினவன்:

இல்லை தம்பி, நான் போட்டேன். அன்றைக்கே மணி அடித்தாயிற்று. ரசீதை அவர் பேரில் எழுதி, மூன்றாம் நாள் செபத்துக்குப் போனபோது அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இன்னும் என் பைபிளுக்குள்தான் இருக்கிறது.