மாண்டர் காலத்துச் சூரியக் காற்று: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரியனைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. மாண்டர் சிறுமம் என்கிறோம். அந்த 70 ஆண்டுகளில் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம், எப்படி வீசியிருக்கும்? இதுதான் என் கேள்வி.

இதுவரை படித்ததைச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் சூரியன் மிகவும் அமைதியாக இருந்தபோது, யுலிசஸ் விண்கலம் அளந்த காற்றின் அழுத்தம் 1990-களின் நடுப்பகுதியைவிட ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சூரியனின் துருவப் பகுதிக் காற்றின் வேகம் பெரிதாகக் குறையவில்லை, அடர்த்திதான் குறைந்தது. எனக்கு இது பெரிய வியப்பு. அப்புறம், பனிப்பாளங்களில் உள்ள பெரிலியம்-10 அளவு மாண்டர் காலத்திலும் ஏறி இறங்கியிருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகும் பொருள் அது. சூரியக் காற்றின் காந்தப்புலம் வலுத்தால் அண்டக்கதிர்கள் குறைவாக வரும், பெரிலியம்-10-உம் குறைவாக உருவாகும். அப்படியென்றால் கரும்புள்ளி இல்லாதபோதும் சூரியக் காற்று நின்றுவிடவில்லை, அதன் காந்தப்புலம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, சரிதானே?

பெரிலியம் அளவிலிருந்து காந்தப்புல வலிமையைக் கணக்கிடுகிறார்கள். காற்றின் வேகத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதை எளிமையாக யாராவது விளக்க முடியுமா? 2008, 2009 ஆண்டுகளின் அன்றாட வேக அளவீடுகளைப் பதிவிறக்கி வரைபடம் போட்டுப் பழகியவர்கள் இருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த சனிக்கிழமை பேச்சு.