ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு பூனை, மாதம் 700 ரூபாய்: எந்த உலர் உணவு வாங்கலாம்?

வணக்கம். மாதம் 700 ரூபாய்க்குள் அடங்குகிற, தரமும் உள்ள பூனை உணவு ஒன்றைச் சொல்லுங்கள். கருத்தடை செய்த ஆண் பூனை, பெயர் துரை, நான்கு வயது, எடை நாலு கிலோ. ஒரு நாளைக்கு 50, 60 கிராம் போதும் என்பது என் கணக்கு.

இதுவரை சூடை மீனும் சோறும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை எகிறிவிடும். நாங்களே யோசித்துத்தான் வாங்குகிறோம், இதில் துரைக்கு எங்கே போவது?

புரதம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, டாரின் (பூனைக்கு உணவிலிருந்து கிடைத்தே ஆக வேண்டிய ஒரு சத்து) இருக்க வேண்டும், பொருட்பட்டியலில் கோழியோ மீனோ முதலில் வர வேண்டும். மலிவான பாக்கெட்டுகளில் சோளமும் கோதுமையும்தான் முந்தி நிற்கின்றன. விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ், பியூர்பெட் இவற்றில் எதையாவது வருடக்கணக்கில் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வருமே என்ற பயம்தான் பெரிது. உலர் உணவில் ஈரப்பதம் சுமார் 10 சதவீதம்தான், இவனோ தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பியே பார்ப்பதில்லை. தண்ணீர் குடிக்க வைக்க என்ன செய்தீர்கள்?

அப்புறம், மூன்று கிலோ பை கிலோக் கணக்கில் லாபம்தான். ஆனால் இந்தக் கடல் காற்றில் அப்பளமே நமத்துப் போகிறது. பிரித்த பை எத்தனை வாரம் தாங்கும்?

நாய் உணவைப் போடச் சொல்லாதீர்கள், பூனைக்கு வேண்டிய அளவு டாரின் அதில் இருக்காது. சில்லறையாகக் கட்டிக் கொடுப்பதும் வேண்டாம், தேதியே தெரியாது. ராமநாதபுரத்தில் வாங்குபவர்கள் விலையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.