மீஞ்சூர் பக்கம் பாதி மண்ணுக்குள்ள இறங்கின வீடு கட்டலாமா?

அத்திப்பட்டு அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். அத்திப்பட்டு தாண்டி அப்பா வாங்கிப்போட்ட 6 சென்ட் மனை இருக்கு. இப்ப எர்ணாவூர்ல தகரக்கூரை போட்ட மாடியில வாடகைக்கு இருக்கோம். சித்திரை பொறந்தா பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பொன்னேரியில பாட்டியோட மண் வீட்டுல உச்சி வெயில்ல ஃபேன் இல்லாம தூங்கினவ நான். நாலடி பள்ளம் எடுத்து, செம்மண் கல்லுல சுவர் வச்சு, மேல மண் கொட்டிப் புல் வளர்க்க ஆசை. சிமென்ட் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கணும். நடக்குமா?

ஒத்தியூர் மேஸ்திரி:
தங்கச்சி, பள்ளம் மட்டும் எடுக்காதம்மா. கார்த்திகை மாசம் மனையில மூணடி குழி வெட்டி, மறுநாள் காலையில போய்ப் பாரு. ஊத்து எங்க நிக்குதோ அதுக்குக் கீழ வீடு வச்சா ஆயுசுக்கும் மோட்டார் போட்டு இறைக்கணும்.

2021ல மணலி புதுநகர்ல கொசஸ்தலை ஆத்துத் தண்ணி புகுந்தப்ப, அங்க நான் பச்சை மண் கல்லுல கட்டின ரூம் ஒண்ணு இருந்தது. பேஸ்மட்டம், அதாவது தரையில இருந்து வீட்டை உசத்துற உயரம், ஒண்ணரை அடிதான். மூணு நாள் தண்ணி நின்னுச்சு. வடிஞ்ச அப்புறம் போய்த் தொட்டேன், அடியில இருந்த ரெண்டு வரிசை கல்லும் களியா கையோட வந்துடுச்சு. என் கையால வச்ச சுவர். இன்னிக்கும் மனசு ஆறல.

அதனால மண்ணுக்குள்ள வீட்டை இறக்காத, வீட்டை உசத்திட்டு மண்ணை அதுக்கு அணைச்சுக் கொடு. மேற்குச் சுவர்தான் சாயங்காலம் வரைக்கும் காயும், மண் மேடு அங்க போதும். கிழக்கைத் திறந்து விடு, மதியத்துக்கு மேல கடல்காத்து வரும். மேடு சாயற உயரம் வரைக்கும் கருங்கல் சுவர். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல முக்காலடி ஜல்லி, அடியில தண்ணி வடிய ஓட்டை போட்ட பைப். மண் கல்லு மேட்டைத் தொடவே கூடாது.

மண் குழைக்க போர் தண்ணி வேணாம். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில ஏறி ரொம்ப வருஷமாச்சு. சுவர்ல உப்பு பூத்து, பூச்சு பொரிப்பொரியா உதிரும். மழைத்தண்ணி பிடிச்சு வை.

காசிமேடு சிவில்:
மேஸ்திரி அண்ணன் சொல்றது சரி. அக்கா, குளிர் நாட்டுல ஆழத்து மண் 10, 12 டிகிரியில இருக்கும். ஆழம் போகப்போக மண் அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பத்துக்கு வந்துடும். சென்னைக்கு அது 28 டிகிரி கிட்ட. பள்ளத்துல நீங்க நினைக்கிற அளவு குளுமை கிடைக்காது, காத்து ஓடாம பூஞ்சணம்தான் பிடிக்கும்.

கூரையில மண்ணும் யோசிங்க. ஓரடி ஈரமண் சதுர அடிக்கு 50 கிலோ. அதைத் தாங்க கம்பியும் கான்கிரீட்டும் வேணும், அப்புறம் சிமென்ட்டைக் குறைக்கிறது எங்க? நம்ம பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கே. மரச்சட்டம் மேல அச்சுக்கல்லை, அதாவது சின்ன மெல்லிசு செங்கல்லை, சுண்ணாம்புல குத்துக்கல்லா அடுக்கி, செங்கல் ஜல்லி போட்டுக் கடுக்காய், வெல்லத் தண்ணி தெளிச்சு இடிச்சு, மேல தட்டையான ஓடு பதிக்கிறது. எங்க தாத்தா வீட்டுல வெயில்காலம் முழுக்க அதுக்குக் கீழதான் பாய் விரிப்போம்.

அத்திப்பட்டு அக்கா:
ரொம்ப நன்றி அண்ணா. நேத்து மனையில குழி வெட்டினோம், ரெண்டரை அடியிலேயே தண்ணி! மண்ணைப் பாட்டில்ல தண்ணியோட குலுக்கி வச்சேன். ஒரு நிமிஷத்துல முக்கால்வாசி மணலா உக்காந்துச்சு. களி மறுநாள் படிஞ்சுது, ஒரு விரல் அகலம்கூட இல்ல.

ஒத்தியூர் மேஸ்திரி:
அந்த மண்ணை மட்டும் வச்சுக் கல் அறுத்தா பிடிக்காதும்மா. செங்குன்றம் பக்கத்துல இருந்து செம்மண் அடிச்சுக் கலந்துக்கோ. மணல் தூக்கலா இருக்கிற மண்ணுக்கு 100 கிலோவுக்கு 5 கிலோ சிமென்ட் சேர்த்து மிஷின்ல அழுத்தணும். களி தூக்கலா இருந்தா சுண்ணாம்பு. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குப் பயிற்சியே தர்றாங்க. அறுத்த கல்லை 28 நாள் ஈரம் காயாம மூடி வை, அவசரப்படாத.

பேஸ்மட்டம் எவ்வளவுன்னு கேப்ப. 2023 மிக்ஜாம் புயல்ல தண்ணி நின்ன கறை பக்கத்து வீட்டுச் சுவர்ல இன்னும் இருக்கும், போய்ப் பாரு. அதுக்கு மேல ரெண்டடி.