முகப்புத்தாளில் ‘எம். கூப்பர்’: 18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தகத் தொழிலில் பெண்களை எப்படி அடையாளம் காண்பது?

ஏட்டுப்பூச்சி (கேள்வி)

18ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தகங்களின் முகப்புத்தாளில் அடியில் வரும் வெளியீட்டு வரிகளை அட்டவணையாக்கி வருகிறேன். ‘எம். கூப்பர்’, ‘ஏ. டாட்’, ‘ஏ. பால்ட்வின்’, ‘டி. சோல்’ என்று முதலெழுத்துதான் இருக்கிறது. இவர்கள் பெண்கள் என்று படித்தேன். ஆனால் இவர்களில் யார் அச்சிட்டவர், யார் முதல் போட்டவர், யார் விற்றவர்? என் அட்டவணையில் ‘பதிப்பாளர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. கணவர் இறந்தபின் பெயரளவுக்குக் கடையை வைத்திருந்த விதவைகள் என்று அடிக்குறிப்பு போட்டால் சரியாக இருக்குமா?

ஈய எழுத்து

அந்த ஒரு கட்டத்தை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். வெளியீட்டு வரியில் பெயரைவிட அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் முக்கியம். ‘பிரின்ட்டட் பை’ என்றால் அச்சுக்கூடம் அவருடையது. ‘பிரின்ட்டட் ஃபார்’ என்றால் பொதுவாக முதல் போட்டவர், பதிப்புரிமையோ அதில் ஒரு பங்கோ வைத்திருப்பவர். ‘சோல்ட் பை’ என்றால் விநியோகிப்பவர். தாமஸ் கிரேயின் கல்லறைத்தோட்ட இரங்கற்பாவின் 1751 முதல் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர். டாட்ஸ்லிக்காக அச்சிடப்பட்டது, பாட்டர்நாஸ்டர் ரோ தெருவில் எம். கூப்பர் விற்கிறார், விலை ஆறு பென்ஸ். உரிமை டாட்ஸ்லியுடையது. மேரி கூப்பர் சரக்கை மொத்தமாக வாங்கி மற்றக் கடைகளுக்கும் தெருவில் கூவி விற்பவர்களுக்கும் பிரித்து அனுப்புகிறவர்.

இப்படி அடுத்தவர் சரக்குக்குத் தன் பெயரையும் கடையையும் கொடுப்பது அன்று தனித்தொழில். உரிமையாளர் பின்னால் இருந்துகொள்ளலாம். துண்டுப்பிரசுரம் அரசைச் சீண்டினால் அதிகாரிகள் வந்து நிற்பது விற்றவர் வாசலில்தான். விற்பதே வெளியிடுவது என்று சட்டம் எடுத்துக்கொண்டதால் ‘உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது’ என்ற வாதம் எளிதில் எடுபடாது. ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகக் கட்டடத்தில் கடை வைத்திருந்த எலிசபெத் நட், டெம்பிள் பார் என்ற நகர எல்லை வாயிலுக்கு வெளியே இருந்த ஆன் டாட் இருவரும் 1720களில் இப்படி மாட்டியிருக்கிறார்கள்.

‘பை’, ‘ஃபார்’ விதி எல்லா இடத்திலும் செல்லாது. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் கேலிக்காவியமான ‘டன்சியட்’ 1728 பதிப்பு டப்ளினில் அச்சாகி லண்டனில் ‘ஏ. டாடுக்காக’ மறுஅச்சானதாகச் சொல்லும். டப்ளின் என்பதே பொய், ஆன் டாட் பெயர் வெறும் திரை. அரசியலும் கேலியும் உள்ள நூல் என்றால் ‘ஃபார்’ என்பதை அப்படியே நம்பி முதலீட்டுக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். நான்காவதாக ‘ஐயம்’ என்று ஒரு கட்டம் வையுங்கள்.

பழஞ்சுவடி

‘பெயரளவுக்கு’ என்பதை நீக்கிவிடுங்கள், ஏட்டுப்பூச்சி. லண்டன் புத்தகத் தொழிலாளர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனி உறுப்பினரின் விதவை கணவரின் தொழிலைத் தொடரலாம், பழகுநர்களை வைத்துக்கொள்ளலாம், புதிதாகவும் சேர்க்கலாம். கம்பெனிக்கு வெளியே மறுமணம் செய்தால்தான் சிக்கல். தாமஸ் கூப்பர் 1743இல் இறந்தார், மேரி 1761 வரை நடத்தினார். பதினெட்டு ஆண்டுகள்! பெயருக்கு வைத்திருந்தவரால் அத்தனை காலம் கடன் கணக்கும் சரக்கும் சமாளிக்க முடியாது. 1744இல் அவர் வெளியிட்ட ‘டாமி தம்ப்’ குழந்தைப் பாட்டுப் புத்தகம் இன்று அந்த வகையில் மிகப் பழைய தொகுப்புகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. எலிசபெத் நியூபெரி கணவர் இறந்த 1780 முதல் 1802 வரை செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டு மூலையில் குழந்தை நூல் கடையை நடத்தினார்.

எல்லாரும் விதவைகளும் அல்ல. நீங்கள் குறிப்பிட்ட டி. சோல், அதாவது டேஸ் சோல், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் அச்சாளர். 1691 வாக்கில் தந்தை ஆண்ட்ரூ சோலின் அச்சுக்கூடத்தை ஏற்றார். 1695இல் தந்தைவழி உரிமையில் கம்பெனி உறுப்பினரானார். அவரே நல்ல அச்சுக்கோப்பாளர் என்று புத்தக வணிகர் ஜான் டன்டன் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் டேஸ் பெயரைப் பின்தொடர்ந்தால் 1706இல் திடீரென்று காணாமல் போவார். அந்த ஆண்டு அவருக்குத் திருமணம். அதன்பின் வரிகளில் தாயார் ஜேன் பெயரில் ‘ஜே. சோல்’, 1711இல் தாயார் இறந்ததும் ‘ஜே. சோலின் உரிமை பெற்றோர்’. வேலை அதே கூடத்தில்தான் நடந்தது. அட்டவணையில் இவற்றை மூன்று ஆட்களாக எண்ணிவிடக் கூடாது.

மணமான பெண்ணின் சொத்தும் வருமானமும் அன்று சட்டப்படி கணவருடையவை. அதனால் கணவர் உயிரோடு இருக்கும்வரை மனைவியின் உழைப்பு பெரும்பாலும் காகிதத்தில் ஏறாது. ‘விதவையானதும் தொழில் கற்றார்’ என்று பல நூல்கள் எழுதுவது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். உண்மையில் அதற்கு முன்பே பல ஆண்டுகள் கல்லாவில் இருந்திருப்பார்.

ஏட்டுப்பூச்சி

ஐயா, கட்டத்தைப் பிரித்துவிட்டேன். முதலெழுத்தை விரித்து ‘இது இன்னார்தான்’ என்று உறுதிசெய்ய எந்த ஆவணத்தில் தொடங்குவது?

பழஞ்சுவடி

கணவரின் இறப்பு ஆண்டில் தொடங்குங்கள். ஒரே முகவரி, ஒரே கடைச்சின்னம், ‘டி. கூப்பர்’ நின்று ‘எம். கூப்பர்’ தொடங்கும் மாதம்: இந்த மூன்றும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பிறகு கம்பெனியின் பழகுநர் பதிவேடுகளில் ‘இன்னாரின் விதவை’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அடுத்து உயில்கள். கான்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் பதிவானவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ப்ராப் 11’ வரிசையில் உள்ளன. கைது, வாக்குமூலம், விடுதலை மனு எல்லாம் அங்கேயே அரசுத் தாள்கள்: முதலாம் ஜார்ஜ் காலத்துக்கு ‘எஸ்பி 35’, இரண்டாம் ஜார்ஜுக்கு ‘எஸ்பி 36’. மனுக்களில் நோய், சிறு குழந்தைகள், ஏழை விதவை என்ற பாட்டு வரும். விடுதலைக்காக எழுதியது, அதை வைத்துக் கடையின் அளவைக் கணக்கிடாதீர்கள்.

தேதியில் கவனம். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆவணத்தில் பிப்ரவரி 1742 என்றிருந்தால் நம் கணக்கில் அது 1743. இதைத் தவறவிட்டால் கணவர் சாகும் முன்பே மனைவி விதவையாகக் கடை நடத்தியதுபோல வரும்.

மடிப்பூசி

முகப்புத்தாளில் பெயரே வராத பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களை விட்டுவிட்டீர்களே. பைண்டிங் கூடத்தில் மடிப்பதும் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. சுத்தியலால் தட்டுவது, தோல் போடுவது, பொன் பதிப்பது ஆண்கள் கையில்.

எட்டுமடி நூல் என்றால் தாளை மூன்று முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம். பன்னிரண்டுமடி தொல்லை பிடித்தது: வழக்கமான முறையில் தாளின் மூன்றிலொரு பங்கை வெட்டியெடுத்துத் தனியே மடித்து மீதி மடிப்புக்குள் செருக வேண்டும். துண்டு இடம் மாறினால் நடுவில் 8 பக்கம் குழம்பும். பக்கத்தின் அடியில் உள்ள ஏ, பி, சி குறிகளைப் பார்த்துத்தான் வரிசை சேர்ப்பார்கள். ஜே, வி, டபிள்யூ பொதுவாக அந்த வரிசையில் இராது, ஆகவே அவை இல்லாததைப் பாரம் (மடித்த அச்சுத்தாள்) காணவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பிழை திருத்த மாற்று இதழ் அச்சாகியிருந்தால் பழைய இதழைக் கத்தியால் கீறி அனுப்புவார்கள். மடிப்பவர் அதை வெட்டி, மிஞ்சிய ஓரத்தில் புதியதை ஒட்ட வேண்டும். கீறலைக் கவனிக்காமல் போனால் பழையதும் புதியதும் சேர்ந்தே தைக்கப்படும். அப்படிப்பட்ட பிரதிகள் கிடைக்கின்றன, நூலியல்காரர்களுக்கு விருந்து! இரண்டு மடிப்புகளை ஒரே நூலோட்டத்தில் தைத்தால் நேரமும் நூலும் மிச்சம், ஆனால் முதுகில் பிடிப்பு குறையும். பழைய பிரதியில் மடிப்புகள் சோடி சோடியாகத் தளர்ந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஈய எழுத்து

தலைகீழ் கணக்கும் ஒன்று உண்டு. ஆண் பெயர் இருந்தாலே ஆண்தான் நடத்தினார் என்று கொள்ள முடியாது. அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் லூயிஸ் டிமத்தி 1738 கடைசியில் இறந்ததும் ‘சவுத் கரோலினா கெசட்’ மகன் பீட்டர் பெயரில் வந்தது. பையன் அப்போது சிறுவன். நடத்தியவர் தாய் எலிசபெத். கூட்டாளி பெஞ்சமின் ஃபிராங்க்ளின், கணவரைவிட இவர் ஒவ்வொரு காலாண்டும் தவறாமல் தெளிவான கணக்கு அனுப்பினார் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். எனவே ‘பெயர்’ ஒரு கட்டம், ‘நடத்தியவர்’ இன்னொரு கட்டம்.

இன்னொன்று, பால்டிமோரில் மேரி கேத்தரின் காடர்ட் 1775இல் தன் செய்தித்தாளில் ‘எம். கே. காடர்ட்’ என்றுதான் போட்டார். 1777 ஜனவரியில் கையொப்பமிட்டவர்களின் பெயர்களோடு அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை அச்சிட்டபோது மட்டும் தன் முழுப்பெயரையும் கோத்தார். முதலெழுத்தா முழுப்பெயரா என்பதற்கும் அட்டவணையில் இடம் விடுங்கள்.