பால், ஒட்டுப்பால், ஷீட்டு: திரித்துவம் இவ்வளவுதானா?

தாமான்மல்லி
சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். லுத்தரன் குடும்பம். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து எல்லாம் பேசி முடித்தாயிற்று. நல்ல பையன், ஈப்போவில் வேலை. ஆனால் அவர்கள் போகிற சபையில் ஒரு நிபந்தனை. பெண் "இயேசுவின் நாமத்தில்" மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம். குழந்தையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் எங்கள் சபைப் போதகர் ஐயர் கொடுத்தது செல்லாதாம்.

போன ஞாயிறு அவர்கள் பாஸ்டரே வீட்டுக்கு வந்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை விளக்கினார். எதை வைத்து? பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை வைத்து! "மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இருந்தால் பால். வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்தால் ஒட்டுப்பால். ஆசிட் ஊற்றி மெஷினில் கொடுத்தால் ஷீட்டு. மூன்றும் ஒரே பால்தானே? அந்தப் பாலின் பெயர்தான் இயேசு" என்றார். அம்மா தலையாட்டிவிட்டார். 40 வருடம் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவர், பால் என்றதும் மனசு இளகிவிட்டது போல. எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜீவநதி77
அக்கா, பாஸ்டர் சொன்னதில் என்ன தப்பு? அப்போஸ்தலர் 2:38-ஐ எடுத்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றுதானே சொன்னார்? 8ஆம் அதிகாரத்தில் சமாரியா, 10இல் கொர்நேலியு வீடு, 19இல் எபேசு. எங்கேயாவது மூன்று பெயர் சொன்னார்களா?

மத்தேயு 28:19-இல் "நாமங்களிலே" என்று இல்லை, "நாமத்திலே" என்று ஒருமையில் இருக்கிறது. பிதா என்பது பெயரா? எங்கள் அப்பா வீட்டில் அப்பா, தோட்டத்தில் தண்டல் (மேற்பார்வையாளர்), சபையில் பொருளாளர். செக்கில் கையெழுத்துப் போடும்போது "அப்பா, தண்டல், பொருளாளர்" என்றா போடுவார்? பெயரைத்தான் போடுவார். அந்தப் பெயர் இயேசு.

கிராணிமகன்
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான், ஞாயிறு பள்ளியும் நிறைய நடத்தியவன். செக் உதாரணம் ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி, நான் கூடத் திருடிக்கொள்வேன். ஆனால் உங்கள் அப்பா தண்டலாக நின்று பொருளாளரோடு பேசியிருக்கிறாரா?

மல்லி, உங்களுக்கு இடிப்பது அங்கேதான். யோர்தானில் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார். ஆவி புறாவைப்போல் இறங்குகிறார். "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து குரல் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபிக்கிறார். ஷீட்டு பாலைப் பார்த்து ஜெபம் பண்ணுமா?

இது புது உபதேசமும் அல்ல. ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவர் பெயரால் சொல்லப்பட்டு, சபை தள்ளிய கருத்துதான். அதற்கும் முன்பே தெர்த்துல்லியன் என்ற ஆதிசபை எழுத்தாளர், இப்படிச் சொன்ன ஒருவரைப் பார்த்து "இவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார்" என்று கிண்டல் செய்தார். திரித்துவம் என்பதற்கான லத்தீன் சொல்லைப் புழக்கத்தில் விட்டவரும் அவர்தான். நம் காலத்தில் இது மறுபடி கிளம்பியது 1913இல், கலிபோர்னியாவில் நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாமில். 1916இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபை இதை ஏற்க மறுத்ததால் நிறைய போதகர்கள் வெளியேறினார்கள்.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். "திதாகே" என்று ஒரு சிறு கையேடு உண்டு, அப்போஸ்தலர் காலத்தை ஒட்டியது. ஏழாம் அதிகாரத்தில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஓடுகிற தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. அதே கையேடு இரண்டு அதிகாரம் தள்ளி "கர்த்தரின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்கிறது. ஆக, எழுதியவருக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்கு நாம் கல்யாணத்தை நிறுத்துவதா?

ஜீவநதி77
சார், மரியாதையோடு கேட்கிறேன். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." உங்கள் திரித்துவ உபதேசமோ "மூன்று ஆட்கள்" என்கிறது. காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் தண்டல் எண்ணுவாரே, ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள் என்று? அப்படி எண்ணினால் அது மூன்று தெய்வம்தான். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று அவரே சொன்ன பிறகு இதெல்லாம் எதற்கு?

கிராணிமகன்
"ஆள்" என்ற சொல்லைப் பிடித்தீர்கள், பிடிக்க வேண்டிய இடம்தான். தமிழில் ஆள் என்றால் தனித்தனி உடம்பு, தனித்தனி சம்பளக் கார்டு. கிரேக்கர்கள் சொன்ன சொல் வேறு, லத்தீன்காரர்கள் சொன்னது வேறு, நாம் கடன் வாங்கியது வேறு. ஆதிசபையின் பெரிய அறிஞர் அகஸ்தீனே இதில் திணறியிருக்கிறார். "மூன்று ஆட்கள்" என்பது விஷயத்தைச் சொல்லிவிடுவதற்காக அல்ல, ஒன்றும் சொல்லாமல் இருக்கக்கூடாதே என்பதற்காக என்று ஒப்புக்கொள்கிறார்.

தமிழ் கெடுத்தது ஒரு பக்கம். தமிழ் காப்பாற்றிய இடமும் உண்டு. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" (யோவான் 10:30). "ஒருவராயிருக்கிறோம்" என்று மொழிபெயர்க்கவில்லை, பாருங்கள். மூலத்திலும் ஒன்று என்ற அஃறிணைச் சொல்தான். ஒருவர் என்றால் உங்கள் கட்சி ஜெயித்திருக்கும். "இருக்கிறோம்" என்பது பன்மை. ஒரே வரியில் இரண்டும் நிற்கிறது.

வேதம்மட்டும்
நீங்கள் இரண்டு பேருமே தப்பு. நானும் லுத்தரன் வீட்டுப் பிள்ளைதான், கேள்வி கேட்டு வெளியே வந்தவன். இயேசு தேவனுடைய குமாரன், சரி. தேவன் அல்ல. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்றார். கடைசி நாளைப் பற்றி "குமாரனும் அறியார்" என்றார் (மாற்கு 13:32). எல்லாம் அறிந்தவருக்கு ஒரு தேதி தெரியாதா? கொலோசெயரில் "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு" என்றிருக்கிறது. பேறு என்றால் பிறந்தவர், பிறந்தால் ஆரம்பம் உண்டு.

திரித்துவத்துக்கு நேரடி வசனம் என்று காட்டுவது 1 யோவான் 5:7. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்." அது பின்னால் நுழைத்தது என்பது ஊருக்கே தெரியும். 325இல் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் நிசேயா என்ற ஊரில் ஆயர்களைக் கூட்டி ஓட்டெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினான். கதை முடிந்தது.

மோட்டார்பாபு
அக்கா கேட்டது கல்யாண விஷயம். ராஜா வரைக்கும் போய்விட்டீர்களே!

கிராணிமகன்
பாபு, கொஞ்சம் பொறுங்கள், ராஜா வந்தால்தான் கல்யாணம் தீரும்.

வேதம்மட்டும் தம்பி, 1 யோவான் 5:7 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்க ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. கூச்சல் கிளம்பியதால் 1522இல் சேர்த்தார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது, கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இல்லை. எங்கள் பாட்டி அந்த வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். அவரிடம் போய் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

ஆனால் ராஜா கதை தப்பு. நிசேயாவுக்கு 200 வருடத்துக்கு மேல் முன்னால், சுமார் 112இல், நிசேயா இருந்த அதே பித்தினியா பகுதிக்கு ஆளுநராக இருந்த பிளினி ரோமச் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதுகிறார்: இந்தக் கிறிஸ்தவர்கள் விடிவதற்கு முன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வம்போல் பாவித்துப் பாடுகிறார்கள் என்று. அப்போது எந்த ராஜா ஓட்டெடுத்தான்?

நிசேயாவில் இயேசு தெய்வமா மனிதனா என்று வாக்கெடுப்பே நடக்கவில்லை. அலெக்சாந்திரியாவின் போதகர் ஆரியுவும் குமாரனைத் தெய்வம் என்றுதான் அழைத்தார். "அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு" என்றதுதான் அவர் குற்றம். நீங்கள் இப்போது சொன்னதும் அதேதான்! அதற்குப் பதிலாகத்தான் "உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் கடைசியில் இரண்டே பேர். அதன்பிறகும் சண்டை ஓயவில்லை. நிசேயாவுக்காக வாதாடிய அத்தனாசியு ஐந்து தரம் நாடு கடத்தப்பட்டார். கான்ஸ்டன்டைன் 337இல் சாகக் கிடக்கும்போது ஞானஸ்நானம் கொடுத்தவரோ ஆரியுவின் பக்கம் நின்ற ஆயர். ராஜா கட்டிய மதம் என்றால் ராஜவீடே எதிர்ப்பக்கம் சாய்ந்தது எப்படி?

வேதம்மட்டும்
பிளினி வெளியாள், காதில் விழுந்ததை எழுதினார். யூதர்கள் கல்லெறிய வந்தபோது இயேசுவே சங்கீதத்திலிருந்து "நீங்கள் தேவர்கள்" என்ற வரியை எடுத்துக் காட்டினார். தேவன் என்ற சொல் மனிதருக்கும் வரும். யோவான் 1:1-இல் இயேசுவைப் பற்றி "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்ற இடத்தில், தேவன் என்பதற்கு முன் கிரேக்கத்தில் சுட்டுச்சொல் (ஆங்கில "the" மாதிரி) இல்லை. ஒரு தேவன், அவ்வளவுதான்.

குமாரனும் அறியார் என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள் சார்.

கிராணிமகன்
பிடித்துவிட்டீர்கள். தாண்டித்தான் போனேன்.

முதலில் யோவான் 1:1. தமிழில் அந்தச் சுட்டுச்சொல்லே கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்தும் கிடையாது. அதனால் நம் பாட்டிகளுக்கு இந்தச் சண்டையே தெரியாமல் போனது. கிரேக்கத்தில் பயனிலைப் பெயர் வினைக்கு முன்னால் வந்தால் சுட்டுச்சொல் விழுவது சகஜம். அதே அதிகாரத்தில் சுட்டுச்சொல் இல்லாமல் பிதாவையே "தேவன்" என்று சொல்லும் வரிகளும் இருக்கின்றன. அங்கே "ஒரு தேவன்" என்பீர்களா? அதே சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் தோமா அவரைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார், அவரும் தடுக்கவில்லை.

மாற்கு 13:32க்கு அத்தனாசியு சொன்ன பதில், மனிதனாக அறியவில்லை என்பது. 451இல் கல்செதோனில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் ஒரே ஆள், தெய்வம், மனிதன் என்று இரண்டு சுபாவம் என்று முடிவு கட்டினார்கள். "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று பிலிப்பியரில் வருகிறதே, அதோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். எனக்கு இந்தப் பதில் போதும். உங்களுக்குப் போதாது என்றால் கோபமில்லை.

சிவகாமிபேரன்
பக்கத்துத் தாமான் (குடியிருப்பு), சைவக் குடும்பம். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மும்மூர்த்தி மாதிரி என்று சொல்ல வரவில்லை, அது வேறு என்று எனக்கே தெரியும்; பிரம்மா வேறு, விஷ்ணு வேறு. ஆனால் முருகன் பிறப்பு இதற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. சிவனின் நெற்றிக்கண் பொறி. தகப்பன் வேறா, பிள்ளை வேறா என்றால் தீயிலிருந்து வந்த தீ என்பார் எங்கள் தாத்தா. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றினால் முதல் விளக்கு குறைகிறதா?

கிராணிமகன்
ஐயா, நிசேயா அறிக்கையில் "ஒளியினின்று ஒளியாக" என்று அப்படியே ஒரு வரி இருக்கிறது! ஒரே வித்தியாசம், பொறி பறந்த நேரம் என்று உங்கள் புராணத்தில் ஒன்று உண்டு. எங்களுக்கு அந்த நேரமே கிடையாது, எப்போதும் எரிகிறது.

ஜீவநதி77
விளக்கு இரண்டானால் எண்ணிக்கை இரண்டுதான் சார். 😄

தாமான்மல்லி
எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ராஜா, கிரேக்கம் எல்லாம் வரும்போது கண் மூடிக்கொண்டார். பால் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். "ஆசிட் ஊத்துன பால் மறுபடி பாலாகாதுடி. இயேசு பிதாகிட்டத் திரும்பிப் போனாருன்னுதானே படிக்கிறோம்? அந்தப் பாஸ்டர் மரம் வெட்டியிருக்க மாட்டாரு" என்றார்.

நிசேயா அறிக்கையில் "ஒரே ஞானஸ்நானம்" என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டு இரண்டாவது எதற்கு என்று அண்ணன் மகளும் கேட்கிறாள். பையன் சனிக்கிழமை வருகிறான், பாஸ்டர் இல்லாமல். சார், உங்களால் வர முடியுமா? ஜீவநதி தம்பி, நீங்களும் வாருங்கள், பையன் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டாமா.

ஜீவநதி77
வருகிறேன் அக்கா. 2:38-ஐ விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கிராணிமகன்
சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வருகிறேன். பாட்டியின் வேதாகமத்தையும் கொண்டு வருகிறேன், சிவப்புக் கோட்டோடு.