நம்ம வீட்டு ஆளுங்க: ஷவர் தரை

செல்வி: (படம்) ஷவர் தரையில தண்ணி கீழ இறங்காம இருக்கற வாட்டர்ப்ரூஃப் ஷீட் விரிச்சாச்சு. நாளைக்கே மேல கலவை போட்டு டைல் ஒட்டிடலாம்னு கொத்தனார் சொல்றார். ஞாயித்துக்கிழமை அத்தை வந்துடுவாங்க. மணி மாமா கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

பாபு: கேட்டுட்டியா 😄

மணி மாமா: ஷீட்டுக்கு அடியில வாட்டம் போட்டாச்சா?

செல்வி: மேல போடற கலவையில குடுத்துக்கலாமாம்

மணி மாமா: கூடாது. டைலும் அதோட இடுக்குல அடைக்கற கிரவுட்டும் தண்ணியை முழுசா நிறுத்தாது. கொஞ்சம் கொஞ்சமா கலவைக்குள்ள இறங்கி ஷீட் மேல வந்து நிக்கும். ஷீட் மட்டமா கிடந்தா அது டிரெயினுக்குப் போகாது, அங்கேயே ஊறி நாத்தம் அடிக்கும். அதனால முதல் வாட்டம் ஷீட்டுக்குக் கீழ. அடிக்கு ரெண்டு நூல், அதாவது கால் இன்ச். உன்னோடது 4க்கு 3 அடி, டிரெயின் நடுவுல. மூலை ரெண்டரை அடி தள்ளி இருக்கு, அப்ப அங்க 5 நூல் உயரம் வரணும். நாலு சுவர் ஓரமும் அதே உயரத்துல ரசமட்டம் வச்சு ஓட்டணும். இல்லேன்னா கீழ் வரிசை டைல் எல்லாம் கோணலா வெட்ட வேண்டி வரும்

ராதா: வாய்ஸ் நோட் போடாம எழுதினாரே, அதுவரைக்கும் சந்தோஷம்

பெரியம்மா: டைல் என்ன கலர்

செல்வி: சாம்பல் பெரியம்மா

பெரியம்மா: வழுக்குமா. அத்தைக்கு முட்டி வலி

மணி மாமா: தரைக்கு 2 இன்ச் சின்ன டைல் போடு. நாலு பக்க வாட்டத்துக்கும் அதுதான் இணங்கி உட்காரும், இடுக்கு நிறைய இருக்கறதால காலும் பிடிக்கும். கலவை 5 மணலுக்கு 1 சிமெண்ட். ஈர மணல் மாதிரிதான் இருக்கணும். கையில இறுக்கிப் பிடிச்சா உருண்டை நிக்கணும், விரல் வழியா தண்ணி வடியக் கூடாது. சொதசொதன்னு போட்டா வாட்டம் வழிஞ்சு மட்டமாயிடும், காய்ஞ்சதும் சுருங்கி வெடிக்கும்

குமார்: இப்ப ஷீட்டைப் பிரிக்கணுமா??

மணி மாமா: ஆமா. படத்துல வாசல் திட்டு உள்பக்கம் மூணு ஆணி தெரியுது. அந்த ஷீட் எப்படியும் உதவாது

பாபு: ஆணியை எண்ணிட்டாரு

மணி மாமா: புது ஷீட்டை சுவர்ல திட்டை விட 3 இன்ச் மேல ஏத்து. மூலையில வெட்டாம மடி. ஆணி மேல் ஓரத்துல மட்டும். அப்புறம் டிரெயின் குழாய்க்குள்ள, ஷீட் மேல நிக்கற தண்ணி டிரெயினுக்குள்ள இறங்கற கசிவுத் துளைக்கும் கீழ, அடைப்பான் வச்சு திட்டுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நிரப்பு. தண்ணி மட்டத்துல பென்சில் கோடு போட்டு, இறங்குதான்னு பார்க்க 24 மணி நேரம் விடு

குமார்: இன்னிக்கு புதன். நாளைக்கு வாட்டம், வெள்ளி ஷீட், சனி வரைக்கும் தண்ணி. டைல் எப்ப?

மணி மாமா: சனி சாயங்காலம் மேல் கலவை, ஒன்றரை இன்ச் கனம். அடியில வாட்டம் இருக்கறதால எல்லா இடத்துலயும் ஒரே கனம்தான். கசிவுத் துளை மேல முதல்ல சின்ன ஜல்லி கொட்டணும், மறந்தா கலவை அடைச்சு இவ்வளவு வேலையும் வீண். திங்கள் டைல்

குமார்: அவ்ளோ நாளா மாமா

ராதா: மொட்டை மாடியையும் இப்படி அவசரமாத்தான் முடிச்சோம்

குமார்: அதை எதுக்கு இப்ப இழுக்கறீங்க அக்கா

ராதா: 🙂

பாபு: மேல ரெண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் அடிச்சுட்டா ஷீட்டே தேவையில்லையே?

மணி மாமா: அது வேற முறை. அதுக்கு டிரெயினும் வேற. இதுல கலக்காத

அத்தை: நான் அடுத்த வாரம் வந்துக்கறேன் செல்வி

செல்வி: ஐயோ இல்ல அத்தை நீங்க வாங்க, இன்னொரு பாத்ரூம் இருக்கே

அத்தை: அது மேல்மாடியில இல்ல இருக்கு

செல்வி: கொத்தனார் போன் எடுக்கல. காலையில நேர்ல பேசிப் பார்க்கறேன்

மணி மாமா: பேசறதுக்கு முன்னாடி ஷீட்டைத் தூக்கிப் பார்த்து ஒரு போட்டோ போடு

பெரியம்மா: சாம்பல்னா அழுக்கு தெரியாது