அக்டோபர் ஜோட்டாவுக்குப் பள்ளி மைதானத்தில் ஹாம் நிலையம்: என்ன செய்தால் குழந்தைகள் நிற்பார்கள்?

அல்சூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சாரணர் படையும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. அண்மையில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியை இயக்குவதற்கான ஏஎஸ்ஓசி தேர்வில் தேறி, அதன் தொடக்கநிலையான ரெஸ்டிரிக்டட் கிரேடு உரிமம் வாங்கியிருக்கிறேன். அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானலையில் கூடும் ஜோட்டாவுக்கு எங்கள் மைதானத்தில் ஒரு நிலையம் அமைத்து, அக்கம்பக்கத்துப் பெற்றோரையும் அழைக்கலாம் என்று எண்ணுகிறோம். அதற்கு மேல்நிலையான ஜெனரல் கிரேடு உரிமம் உள்ள இரண்டு நண்பர்கள் 100 வாட் ரிக்கும் (பேசவும் கேட்கவுமான வானொலிக் கருவி) ஆன்டெனாவும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கவலை வேறு. நான் பார்த்த ஒரு கண்காட்சியில், ஆபரேட்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்; யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, விளங்கவுமில்லை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். அவர்களை எந்த பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) உட்காரவைக்கலாம், மைக்கை அவர்கள் கையில் கொடுக்கலாமா, விண்வெளி நிலையத்தோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஜாலஹள்ளி நாற்பது மீட்டர்:
டீச்சர், வணக்கம். காலை வேளையில் 40 மீட்டர் பேண்டைத் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) தவிர வேறெதையும் முதலில் தொடாதீர்கள். ஏழு மெகாஹெர்ட்சுக்கு வெட்டிய அரையலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனா ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் இருக்கும். அதை ஆறேழு மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டினால் அலை பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சென்னை, கோவை, மதுரை என்று நமக்கு வேண்டிய தொலைவிலேயே வந்து இறங்கும். அந்த ஊர்களில் தமிழில் பேசும் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஆளுக்கு ஓர் அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் மதுரைத் தமிழ் கேட்டால் பிள்ளைகள் தாமாகவே மேசையருகே வந்துவிடுவார்கள். அமெரிக்காவோ ஜப்பானோ கிடைத்தால்தான் பெருமை என்று நினைத்து 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) காலை முழுவதும் டயலைத் திருகிக்கொண்டிருப்பது நமக்கு இன்பமாக இருக்கலாம், பார்க்க வந்தவர்களுக்கு அது வெறும் இரைச்சல்தான். சாரணர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் அலைவரிசைகள் 7.090, 14.290 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை; தமிழ் நண்பர்கள் ஓய்ந்த பிறகு அங்கே போகலாம்.

இரைச்சல் என்றதும் இன்னொன்று. நகரத்தில் நம்மைத் தோற்கடிப்பது தொலைவு அல்ல, எல்ஈடி விளக்கும் மொபைல் சார்ஜரும் கூரை மேல் சோலார் இன்வெர்ட்டரும்தான். ஒரு வாரம் முன்பே, பேட்டரியில் ஓடும் சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றை 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, மைதானத்தின் நான்கு மூலைகளுக்கும் நடந்து பாருங்கள். அலுவலகக் கட்டடத்தருகே கரகரவென்று கத்துவது எதிர் மூலையில் பாதியாகக் குறைந்தால், மேசையை அங்கே போட வேண்டியதுதான், நிழல் இல்லாவிட்டாலும். ஜெனரேட்டர் வேண்டாம், 12 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் 100 வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் கார் பேட்டரி அளவுக்காவது ஒன்று தேவைப்படும்.

ஆன்டெனாவின் இரு முனைகளிலும் ஒலிபரப்பின்போது உயர் மின்னழுத்தம் நிற்கும். தொட்டால் தோல் சுட்டுவிடும். அங்கே கயிறு கட்டி மறித்துவிடுங்கள். தெருவில் போகும் மின்கம்பிக்குப் பக்கத்தில் கம்பத்தைத் தூக்க யாரையும் விடாதீர்கள். அக்டோபரில் பெங்களூருவில் மாலைக்கு மேல் இடி மழை வழக்கம் என்பதால், மதியத்தோடு ஆன்டெனாவையும் ரிக்கையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது.

கோரமங்களா சாட்டிலைட் பித்தன்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வானத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் ஊர் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தோடு ஹாம் ரேடியோவில் பேசியதைப் பிள்ளைகள் செய்தியில் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட நேரடி உரையாடலுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்பதால், இந்த அக்டோபருக்கு அதை மறந்துவிடுங்கள். கேட்பது மட்டும் என்றால் சுலபம்: விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) இயங்கும் நாளாக இருந்தால் 437.800 மெகாஹெர்ட்சில் ஒரு ஹேண்டியும் (கையடக்க வானொலி) ஒரு திசையை நோக்கிக் கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனாவும் போதும். தலைக்கு மேல் அது கடக்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. வரும்போது அலைவரிசை சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் ஏறியும், போகும்போது அதே அளவு இறங்கியும் கேட்கும். வேகத்தால் அலைவரிசை மாறும் இந்த டாப்ளர் விளைவைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் இப்படிப் புரியாது, அறிவியல் ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜாலஹள்ளி நாற்பது மீட்டர்:
அந்தப் பத்து நிமிடம் மழையிலோ தூக்க நேரத்திலோ வந்தால் என்ன செய்வது? நிகழ்ச்சி நிரலில் அதை அச்சடிக்காமல், கிடைத்தால் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதிமுறைக்காரி:
அன்புள்ள ஆசிரியைக்கு, மைக் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வெளிநாட்டு ஜோட்டா வீடியோக்களில் உரிமம் இல்லாத சிறுவர்கள் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தந்த நாட்டு விதி கொடுக்கும் இடம், நமக்கு வழிகாட்டி அல்ல. எழுத்தில் அனுமதி கையில் இல்லாதவரை, உரிமம் உள்ளவர் மட்டுமே பேசட்டும். உங்கள் நண்பர்களின் உரிமத்தில் அவரவர் நிலைய முகவரிதான் இருக்கும். பள்ளி வளாகத்தில் இயக்குவது பற்றித் தொலைத்தொடர்புத் துறையில் வானொலி உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். விழாவுக்கென்று தனி அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்) வேண்டுமானாலும் அவர்கள்தான் தர வேண்டும். உரிமத்தின் அசலை மேசையிலேயே வைத்திருங்கள்.

மைக் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். தட்டினால் ஒலி மட்டும் எழுப்பும் மோர்ஸ் பயிற்சி ஆஸிலேட்டர் எதையும் ஒலிபரப்பாது, அதில் விருப்பம்போல் தட்டலாம். தம் பெயரை ஒலிப்பெழுத்தில், அதாவது ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்லாக, சொல்லப் பழக்குங்கள்; கயல் என்ற சிறுமி "கிலோ, ஆல்ஃபா, யாங்கி, ஆல்ஃபா, லிமா" என்று கற்றுக்கொண்டால் அடுத்த நிமிடமே எதிர்முனையில் வரும் அழைப்புக்குறியைக் காதால் பிடித்து எழுதத் தொடங்கிவிடுவாள். 144 மெகாஹெர்ட்சில் ஒளித்துவைத்த சிறு டிரான்ஸ்மிட்டரைத் தேடும் விளையாட்டையும் சேர்க்கலாம். ஹேண்டியை மார்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றினால், நம் உடம்பே மறைப்பதால் ஒரு திசையில் சிக்னல் விழும். ஒளிந்திருக்கும் டிரான்ஸ்மிட்டர் முதுகுப்புறம் இருக்கிறது என்று பொருள். ஓடுகிற வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அல்சூர் ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. காலை நிகழ்ச்சியைத் தமிழ் நிலையங்களோடு வைத்துக்கொள்கிறேன், கடிதமும் இன்றே போகிறது. ஒன்று மட்டும்: செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது உறுதி.

விதிமுறைக்காரி:
அவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்லுங்கள். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, அந்தமானிலிருந்து உலக நிலையங்களோடு பேசுவதற்காகவே அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளை வைத்து, தீவில் சிக்கியவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பினார்கள்.

ஜாலஹள்ளி நாற்பது மீட்டர்:
யாரோடு எப்போது பேசினோம் என்று குறிக்கும் லாக் புத்தகம் எழுதப் பிள்ளைகளை விடுகிறீர்கள் என்றால் மேசையில் இரண்டு கடிகாரம் வையுங்கள், ஒன்று நம் நேரத்துக்கு, மற்றொன்று ஐந்தரை மணி பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு. கழித்துக் கழித்து எழுதச் சொன்னால் பாதிப் பக்கம் அடித்தல் திருத்தலாகிவிடும். தேதி உறுதியானதும் இங்கே சொல்லுங்கள், நான் 7.090இல் காத்திருக்கிறேன்.